நாற்பது ரூபாய்

மூவாயிரம் ரூபாய்.
அதற்கு மேல் போனால் திரும்பும்போது
கொட்டகலையில் இறங்கி நடக்க வேண்டும்.
"சீசன் பார்க்கவா போறே, கிருபாலினி?"
கடை முதலாளி நியாஸ் பல் தெரியச் சிரித்து
ஒரு நாள் லீவு தந்தார்.
ஆமாம், பார்க்கத்தான்.
பார்ப்பதற்குக் காசு கேட்கமாட்டார்கள் என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹட்டனிலிருந்து பஸ்ஸுக்கு இருநூற்றி எண்பது.
டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.

சித்திரையில் நுவரெலியா
வேறு யாருக்கோ வாடகைக்குப் போய்விடுகிறது.
தபால் கந்தோரிலிருந்து ஏரி வரை
கொழும்பு வாகனங்கள் ஒன்றையொன்று முட்டி நிற்க,
தண்ணீரில் அன்னப் படகுகளும் அப்படியே.
ஒரு விடுதி வாசலில் விலை கேட்டேன், சும்மா.
"இருபத்தெட்டாயிரம்" என்றான் பையன்.
ஏதோ தன் குற்றம்போலக் குரலைத் தாழ்த்தி,
"காலைச் சாப்பாட்டோட."
என் ஒரு மாதச் சம்பளம் அது.
காலைச் சாப்பாடு இல்லாமல்.

குதிரைப் பந்தயத்துக்கு நுழைவு ஐந்நூறு.
உள்ளே தொப்பிகள்.
ஒரு தொப்பியில் ஒரு முழுப் பூந்தொட்டி.
அதற்குக் கீழே இருந்தவளின் குதிச்செருப்பு
ஈரப் புல்லில் இறங்க இறங்க
லீக்ஸ் நடுகிறவள்போல
தன்னையே பிடுங்கி நட்டு, பிடுங்கி நட்டுப் போனாள்.
ப்ளேன்டீ நூற்றைம்பது.
எங்கள் கடையில் அந்தக் காசுக்கு
ஐம்பது கிராம் தூள் நிறுப்பேன்,
இருபது பேர் குடிக்கலாம்.
குடித்தேன். குளிருக்கு என்ன தெரியும்.
சோளம் இருநூறு.

சீட்டு எழுதும் ஜன்னலில் ஆண்கள் வரிசை.
எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி
"டொய்லட் அந்தப் பக்கம், தங்கச்சி" என்றார்.
தெரியும் என்றேன்.
அங்கே ஐம்பது கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"நாலாம் நம்பர். இருநூறு."
ஏன் நாலு என்று ஜன்னலுக்குள் இருந்தவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன்.

ஓட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில்
மூடுபனி இறங்கி வந்து தூரத்து மூலையை விழுங்கியது.
குதிரைகள் உள்ளே போய்விட்டன.
சத்தம் மட்டும் மண்ணுக்கடியில் வந்தது.
தொப்பிகளும் கோட்டுகளும் நானும்
ஒரே பனியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்,
அவர்கள் எத்தனை ஆயிரத்துக்கோ,
நான் ஐந்நூறுக்கு.
பனி திறந்தபோது
முதலில் வந்தது நாலு.

கத்தத் தோன்றவில்லை.
கையில் சோளத் தண்டு இருந்தது,
அதை எங்கே போடுவது என்று தேடினேன்.

ஆயிரத்து முந்நூறு பெறும் சீட்டு.
காசு வாங்கும் வரிசையோ மழையில் வளைந்து
வாசல் வரை நின்றது.
கடைசி பஸ் ஐந்தே முக்காலுக்கு.
வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர்
என் காலையும் கடிகாரத்தையும் பார்த்தபடி
"எண்ணூறு தாரேன்" என்றார்.
"ஆயிரம்."
"எட்டு ஐம்பது. பஸ் போயிரும், பாருங்க."
தராசு முள் அரை நூல் சாய்ந்தாலும்
பிடிக்கிற கண் எனக்கு.
அவர் கோட்டுப் பையில் ஏற்கெனவே
நனையாத சீட்டு ஒரு கட்டு இருந்தது.
தொள்ளாயிரத்துக்கு முடிந்தது.

பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை.
நின்றுகொண்டே கணக்குப் பார்த்தேன்.
திரும்பும் டிக்கெட்டும் போக
இரண்டாயிரத்து இருநூற்றி நாற்பது இருக்க வேண்டும்.
இருந்தது இரண்டாயிரத்து இருநூறு.

நானுஓயாவில் பர்ஸை உதறினேன்.
லிந்துலையில் குடையை விரித்து உதறப்போய்
முன்னால் நின்றவரிடம் ஏச்சு வாங்கினேன்.
தலவாக்கலை வரை கொண்டக்டர்மேல் சந்தேகம்.
கொட்டகலை வளைவில்தான் ஞாபகம் வந்தது.

காலையில், பந்தயத்துக்கு முன்,
பசிக்கு ஒரு கரட் வாங்கியிருந்தேன்,
நுவரெலியாவில் என் கைக்கு எட்டிய ஒரே விலை.
கடிக்கப் போகையில்
வேலிக்கு மேலாக ஒரு நீளமான முகம் வந்து
உள்ளங்கை நனைய அதை எடுத்துக்கொண்டது.
"ஏய் அக்கா! ஓடுற குதிரைக்கா குடுக்கிறே!"
என்று குதிரைக்காரப் பையன் கத்திக்கொண்டே ஓடி வந்தான்.

ஏழாம் நம்பர்.
கடைசியாக வந்தது.
யார் யார் அதில் எவ்வளவு கட்டியிருந்தார்களோ.

ஹட்டன் வெளிச்சம் தெரிந்ததும்
டிக்கெட்டின் பின்புறம் மிச்சமிருந்த இடத்தில்
பஸ் குலுங்கக் குலுங்க எழுதினேன்:
கரட், நாற்பது.